தர்ப்பூசணிப் பெட்டியின் பௌதிகம்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன், ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, உலாவியில் ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். மேற்புறம் திறந்த ஒரு பெட்டி; அதற்குள் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பழங்களைப் போட வேண்டும்; ஒரே இனத்துப் பழங்கள் இரண்டு ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அவ்விரண்டும் மறைந்து, அடுத்த பெரிய இனத்துப் பழம் ஒன்று அந்த இடத்தில் தோன்றும்; குவியல் பெட்டியின் வாயைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது. செர்ரியில் தொடங்கித் தர்ப்பூசணியில் முடியும் 11 இனங்கள். ஒரு பழத்தைப் போட்டவன், அடுத்ததைப் போடாமல் கையை எடுத்துக்கொண்டு, குவியலையே உற்றுப் பார்த்தபடி இருந்தான்.

"ஏண்டா நிறுத்திட்டே? அடுத்ததைப் போடேன்" என்றேன்.

"கொஞ்சம் இருங்க தாத்தா, அது அடங்கட்டும்" என்றான்.

அடங்க வேண்டியது எது என்ற கேள்வி என்னை அன்று மாலை வரை விடவில்லை. கூடையில் கொட்டிய மாங்காய் உருண்டு நிற்பதற்கு ஒரு கணம் பிடிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அவன் காத்திருந்தது உருளல் நிற்பதற்காக அன்று, உருளல் நின்ற பிறகும் பழங்களிடையே மிஞ்சியிருந்த, கண்ணுக்குப் புலப்பட்டும் புலப்படாமலும் இருந்த ஒரு நடுக்கம் தீர்வதற்காக. கூடை மாங்காயில் அந்த நடுக்கம் கிடையாது. ஒன்பது வயதுச் சிறுவன், நியூட்டனின் பெயரைக்கூடப் பாடமாகக் கேட்டிராதவன், அந்தப் பெட்டிக்குள் நிகழும் பௌதிகம் நம் உலகத்துப் பௌதிகத்திலிருந்து எவ்விடத்தில் விலகுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த விலகலுக்குத் தக்கபடி தன் கையை நிதானப்படுத்திக்கொள்கிறான் என்பது எனக்குப் பெரிய விநோதமாகப் பட்டது.

இவ்வகை விளையாட்டுக்களைப் பௌதிகப் புதிர் என்று அழைக்கிறார்கள். பொருள் விழும், உருளும், மோதும், சாயும் என்ற இயற்கை நியதிகளே இவற்றில் புதிரின் விதிகளாக அமைந்திருப்பதால், சதுரங்கத்தைப்போல் முன்கூட்டி விதி கற்க வேண்டிய அவசியமின்றி, தண்ணீர்க் குடம் சுமந்தவனும் கோலிக்குண்டு அடித்தவனும் அந்தப் பழக்கத்தைக் கொண்டே உடனே ஆடத் தொடங்கிவிடலாம் என்பது பொதுவான அபிப்பிராயம். நானும் நெடுநாள் அப்படியே எண்ணியிருந்தேன். ஆராய்ந்து பார்க்கையில் அது பாதி உண்மையாகவே தோன்றுகிறது. வாசலைத் திறந்துவிடுவது உலக அனுபவம். உள்ளே போனபின் வெற்றி தருவது, கணிப்பொறி அந்த நியதிகளை எவ்வளவு தூரம் அனுசரிக்கிறது, எந்த இடத்தில் சலுகை எடுத்துக்கொள்கிறது என்ற அறிவு. அந்தச் சலுகைகளின் வரலாற்றைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

பௌதிகத்தை விளையாட்டாக்கிய ஆரம்பகால யந்திரங்களில் ஒன்றில் சலுகைக்கு ஏறக்குறைய இடமே இல்லாதிருந்தது. 1958 அக்டோபரில், நியூயார்க் மாகாணத்து லாங் ஐலண்டிலுள்ள ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்த பொதுமக்களுக்குச் சுவாரஸ்யமாக ஏதேனும் காட்ட வேண்டும் என்று, அங்கே பணியாற்றிய வில்லியம் ஹிகின்பாதம் என்ற பௌதிக அறிஞர், ஆஸிலோஸ்கோப் திரையில் இருவர் டென்னிஸ் ஆடும்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தார். பந்தின் வளைபாதையைக் கணித்தது எண்களைக் கூட்டிக் கழிக்கும் கணிப்பொறி அன்று. மின்னழுத்தத்தின் ஏற்றத் தாழ்வையே பந்தின் உயரமாகக் கொண்டு இயங்கிய ஒப்புமைக் கணிப்பொறி. மின்சாரம் இடைவிடாது ஓடுவதுபோல் அதிலே காலமும் இடைவிடாது ஓடியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1962இல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து இளைஞர்கள் பிடிபி-1 என்ற எண்முறைக் கணிப்பொறியில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை ஆக்கியபோது நிலைமை மாறிவிட்டது. திரையின் நடுவே ஒரு நட்சத்திரம் தன் ஈர்ப்பினால் இரண்டு விண்கலங்களையும் இழுத்துக்கொண்டிருக்க, அக்கலங்கள் எய்யும் ஏவுகணைகள் மட்டும் ஈர்ப்பு என்ற ஒன்றையே அறியாதவைபோல் நேராகச் சென்றன. காரணம் எளிது: அத்தனை பொருள்களுக்கும் ஈர்ப்பைக் கணிக்க அந்த யந்திரத்துக்கு நேரம் போதவில்லை. ஏவுகணை நட்சத்திரத்துக்கு வளையாது என்பதை ஆடுபவர்கள் ஒரு குறையாகக் கருதாமல், அதுவும் ஓர் ஆயுத லட்சணம் என்றே ஏற்றுக்கொண்டு குறிபார்த்தார்கள். பிழை விதியாகிவிட்ட முதல் சந்தர்ப்பம் இதுவாகவே இருக்கலாம்.

பிறகு வந்த முப்பது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1993இல் அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்து டைனமிக்ஸ் நிறுவனம் 'தி இன்கிரெடிபிள் மெஷின்' என்ற ஒன்றை வெளியிட்டது. பந்து, கயிறு, கப்பி, சக்கரத்துக்குள் ஓடும் எலி, பூனை முதலியவற்றைக் கோத்து, ஒரு சின்னக் காரியத்தைச் சுற்றி வளைத்துச் செய்து முடிக்க வேண்டும். புதிரின் இலக்கணம் அதிலேயே நிறைவு பெற்றுவிட்டது எனலாம். ஆனால் அது வட்டில் வாங்கி நிறுவி ஆட வேண்டியது. சில புதிர்களில் புவியீர்ப்பையும் காற்றழுத்தத்தையும் மாற்றி வைத்திருந்தபோதிலும், ஒவ்வொரு சாமானுக்கும் ஆக்கியவர்கள் வகுத்த நடத்தைக்குள்ளேயே அதன் உலகம் அடங்கியிருந்தது. எந்த உருவமும் எந்த உருவத்தோடும் எக்கோணத்திலும் மோதலாம் என்ற சுதந்தரம் உலாவிக்குள் வருவதற்கு இரண்டு சௌகரியங்கள் வேண்டியிருந்தன.

முதலாவது, ஃபிளாஷ். 1996இல் ஃபியூச்சர்வேவ் என்ற சிறு நிறுவனம் படங்களை அசைப்பதற்காக ஆக்கி, மேக்ரோமீடியாவின் கைக்கு மாறி, பின் அடோபியிடம் வந்து சேர்ந்த அந்தச் செருகுநிரல், 2006இல் ஒன்பதாம் பதிப்பாக வந்தபோது, கணக்கைப் பல மடங்கு விரைவாகச் செய்யும் புதிய உள்ளமைப்பைப் பெற்றிருந்தது. அந்த ஆண்டிலேயே ஸ்லோவேனியாவின் தலைநகரான லியுப்லியானாவில் ஒரு கலை மாணவர், போஷ்ட்யான் சாதேஷ் என்பவர், 'லைன் ரைடர்' என்ற விளையாட்டை இணையத்தில் வைத்தார். ஒரு கோடு வரைந்தால் பனிச்சறுக்கு வண்டியில் ஒரு சிறு உருவம் அதன்மேல் சறுக்கிப்போகும், அவ்வளவே. வெல்வதற்கு அதில் ஒன்றுமில்லை. என்றாலும், கோட்டின் ஒரு பக்கம் தாங்கும், மறுபக்கம் வழிவிடும் என்பது போன்ற அதன் உட்குறைகளை உலகெங்கும் உள்ள இளைஞர்கள் நுணுகி ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டி, அந்தக் குறைகளையே கருவியாகக் கொண்டு, சங்கீதத்தின் தாளத்துக்கு இசைந்து ஓடும் நெடும்பாதைகளை வரைந்து தள்ளினார்கள்.

இரண்டாவது சௌகரியம், ஒரு தனி மனிதரின் தாராளம். ஈரின் கேட்டோ என்ற அமெரிக்கப் பொறியாளர், 2006இல் சான் ஹோசே நகரில் நடந்த விளையாட்டு ஆக்குவோர் மாநாட்டில், பொருள்கள் மோதுவதையும் அடுக்காக நிற்பதையும் கணிக்கும் எளிய முறை ஒன்றை விளக்கி, உடன் ஒரு சிறு மாதிரி நிரலையும் கொடுத்தார். அதுவே வளர்ந்து, இத்தகைய கணிப்பைச் செய்யும் பௌதிக எஞ்சினாக, 'பாக்ஸ்2டி' என்ற பெயரில் 2007 செப்டம்பரில் எவரும் விலையின்றிப் பயன்படுத்திக்கொள்ளும்படி வெளிவந்தது. வெகு விரைவிலேயே அதை ஃபிளாஷுக்கும் பெயர்த்துவிட்டார்கள். பௌதிகப் புதிர்கள் 2008ஆம் ஆண்டு முதல் உலாவிகளில் ஈசல்போல் கிளம்பியதற்கு முக்கியமான காரணம் இதுதான். கோபக்காரப் பறவைகளை உண்டிவில்லில் வைத்து எறியும் 'ஆங்ரி பேர்ட்ஸ்' இதன்மேல்தான் நின்றது. 2011இல் அதே மாநாட்டில் அவ்விளையாட்டின் பிரதிநிதி பேசி முடித்து, சபையோர் கேள்வி கேட்கும் நேரம் வந்தபோது, ஒருவர் எழுந்து எந்தப் பௌதிக எஞ்சினைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டு, பாக்ஸ்2டி என்ற விடையைப் பெற்றுக்கொண்டு, அப்படியானால் அதன் பெயரை விளையாட்டில் குறிப்பிடுவீர்களா என்றும் கேட்டுவிட்டு, அதை ஆக்கியவன் நான்தான் என்று சொல்லி உட்கார்ந்தார். சமையற்காரர் பந்தியில் எழுந்து நின்றதுபோன்ற அந்தக் காட்சி, இத்துறையில் இன்றும் சிரிப்போடு நினைவுகூரப்படுகிறது.

இனி, கேட்டோவின் முறை எப்படி வேலை செய்கிறது என்பதை நெருங்கிப் பார்ப்போம். கயிற்றுக் கட்டிலை இறுக்கிக் கட்டியவர்களுக்கு இது புதிதாக இராது. தளர்ந்த கட்டிலின் ஒரு மூலையிலிருந்து தொடங்கி இழை இழையாக இழுத்துக்கொண்டே போனால், பத்தாவது இழையை இழுக்கும்போது மூன்றாவது இழை நெகிழ்ந்திருப்பதைக் காண்போம்; கடைசி மூலை வரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்; இரண்டாம் சுற்றில் நெகிழ்வு குறைந்திருக்கும்; மூன்றாம் சுற்றில் இன்னும் குறையும்; முற்றாகத் தீராவிட்டாலும், படுப்பவன் முதுகுக்குத் தெரியாத அளவுக்குத் தீர்ந்ததும் கட்டுபவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். பழக் குவியலிலும் இதே கதைதான். ஒரு பழம் இன்னொன்றைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகாமலிருக்க எவ்வளவு கணத்தாக்கு வேண்டும் என்று எஞ்சின் கணித்து அதை உடனே கொடுத்துவிடுகிறது. அடுத்த தொடுபுள்ளியைச் சரிசெய்கையில் முந்தையது கெடுகிறது. எனவே சுற்றிச் சுற்றி வருகிறது. கௌஸ், சைடல் என்ற இரண்டு ஜெர்மானியக் கணித அறிஞர்களின் பெயரால் வழங்கும் பழைய முறையின் ஒரு பிரயோகமே இது. எத்தனை சுற்று என்றால், பாக்ஸ்2டியின் கையேடு நெடுங்காலம் சிபாரிசு செய்துவந்தது வேகத்துக்கு 8, இருப்பிடத்துக்கு 3. இந்த வேலை முழுவதும் வினாடிக்கு 60 முறை நடந்தாக வேண்டும். எட்டுச் சுற்றில் தீராத நெகிழ்வு அப்படியே மிஞ்சும். என் பேரன் கண்டது அத்தகைய ஒரு மிச்சத்தைத்தான்.

வினாடியை அறுபது துண்டாக்குவதே ஒரு சலுகை. ஒப்புமைக் கணிப்பொறியில் ஓடிய காலம் இங்கே படிக்கட்டில் இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் முதலில் வேகத்தைக் கூட்டி, கூட்டிய வேகத்தால் பொருளை நகர்த்துவது வழக்கம். புவியீர்ப்பு வினாடிக்கு வினாடி 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஓய்விலிருந்து ஒரு கல்லை விட்டால், முதல் வினாடியில் அது விழ வேண்டிய தூரம் 5 மீட்டர் என்பது பள்ளிக் கணக்கு. அறுபது படிகளாகக் கூட்டிப் பார்த்தால் அது 5 மீட்டரும் 8 சென்டிமீட்டரும் விழுந்திருக்கும்! காகிதத்தில் கூட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள், ஒன்றிலிருந்து அறுபது வரை எண்களைக் கூட்டினால் வரும் 1830ஐப் பத்தால் பெருக்கி 3600ஆல் வகுத்துக்கொள்ளலாம். இந்த எட்டு சென்டிமீட்டர் எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. உறுத்துவது வேறொன்று: வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகும் ஒரு சிறு பந்து ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே அரை மீட்டர் தாண்டிவிடுகிறது, குறுக்கே பத்து சென்டிமீட்டர் கனமுள்ள சுவர் ஒன்று இருந்தால், ஒரு படியில் பந்து சுவருக்கு இப்பக்கம், அடுத்த படியில் அப்பக்கம், சுவரைத் தொட்ட கணம் என்று ஒன்று கணக்கிலேயே இல்லை. சித்தர்கள் சுவரூடு புகுந்து போனதாகக் கேட்டிருக்கிறோம். இங்கே பந்துக்கே அந்தச் சித்தி கைகூடிவிடுகிறது. இதைத் தடுக்கத் தனி ஏற்பாடு உண்டு; அதற்குச் செலவும் உண்டு.

மற்றச் சலுகைகள் இன்னும் சூட்சுமமானவை. இரண்டு பொருள்கள் அரை சென்டிமீட்டர் வரை ஒன்றுக்குள் ஒன்று புதைந்திருக்க எஞ்சின் அனுமதிக்கிறது; முற்றாகப் பிரித்துவிட்டால் தொடர்பு அற்றுப்போய், அடுத்த படியில் மறுபடி விழுந்து, மறுபடி பிரிந்து, குவியல் ஓயாது துடித்துக்கொண்டிருக்கும் என்பதே காரணம். வினாடிக்கு ஒரு மீட்டரினும் மெதுவாக மோதும் பொருள், எவ்வளவு மீள்தன்மை உடையதானாலும், எம்பாது என்பது மற்றொன்று. எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது உறக்கம். ஒரு பொருளின் வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டருக்கும், சுழற்சி இரண்டு பாகைக்கும் கீழே இறங்கி, அந்நிலை அரை வினாடி நீடித்தால், எஞ்சின் அதை உறங்கவைத்துவிட்டுக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறது. வேறொன்று வந்து இடித்தால் மறுபடி விழிப்பு. கோபுரம் அசையாமல் நிற்கிறதென்றால் அதன் பாரம் சமநிலையை அடைந்துவிட்டது என்று நாம் அனுமானிக்கிறோம். உண்மையில், இம்மியளவு சரிந்துகொண்டிருந்த கோபுரத்தை உறக்கம் பிடித்து நிறுத்தியிருக்கவும் கூடும். என் பேரன் ஆடிய பிரதியில் இந்த எஞ்சின்தான் இருந்தது என்று நான் சொல்லவில்லை. உலாவிக்கென்றே எழுதப்பட்ட மேட்டர்.ஜேஎஸ் போன்ற வேறு எஞ்சின்களும் வழக்கில் இருக்கின்றன, அவற்றின் அளவுகள் வேறு. ஆனால் படிக்கட்டுக் காலம், சுற்றிவரும் திருத்தம், அனுமதித்த புதைவு ஆகிய மூன்றும் இக்குடும்பத்துக்கே பொதுச் சொத்து.

பழப் பெட்டியின் மர்மம் முழுவதும் இவற்றால் விளங்கிவிடுகிறது. இரண்டு பழங்கள் மறைந்து பெரிய பழம் தோன்றும் கணத்தில், அது தனக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு தோன்றுவதில்லை; அண்டை அயலாரின் உடம்புக்குள்ளேயே முளைக்கிறது. புதைந்தவற்றைப் பிரிக்க வேண்டிய கடமை எஞ்சினுக்கு இருப்பதால், சுற்றியுள்ள பழங்கள் விலக்கித் தள்ளப்படுகின்றன. அந்தத் தள்ளல் எங்கோ மூலையிலிருந்த இரண்டு திராட்சைகளைச் சேர்த்துவைக்கிறது. அதனால் மற்றொரு தள்ளல். இன்னொரு விசேஷம்: பாரமான பொருளை மிக இலேசானதன் மேல் அடுக்கினால் ஸ்திரம் குன்றும், பார விகிதம் பத்துக்கு ஒன்றைத் தாண்டினால் சிக்கல் என்று பாக்ஸ்2டியின் கையேடே எச்சரித்திருக்கிறது. குறுக்களவு ஐந்து மடங்கானால் தட்டையான உலகத்தில் பரப்பு இருபத்தைந்து மடங்கு. பரப்பையே பாரமாகக் கொண்டால், தர்ப்பூசணியின் கீழ் அகப்பட்ட செர்ரி அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. ஆகவேதான் அது நசுங்கிக் கிடக்காமல், ஈர விரல்களுக்கிடையே பிதுங்கும் புளியங்கொட்டைபோல் எங்கோ தெறிக்கிறது. கணக்கின்படி ஒரு தர்ப்பூசணிக்குப் பத்து இரட்டிப்புகள், அதாவது 1024 செர்ரிகள் வேண்டும். நடைமுறையில் மேலிருந்து வருவது முதல் ஐந்து இனங்களில் ஏதேனும் ஒன்று என்பதால் அவ்வளவு தேவைப்படாது. எண்ணிக்கையைச் சமாளிப்பது எளிது. தெறிப்பைச் சமாளிப்பதுதான் ஆட்டம். தேர்ந்தவர்கள் தெறிப்பை எதிர்பார்த்தே அடுக்குகிறார்கள்.

இவ்விளையாட்டின் வம்சாவளியையும் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பரில் ஜப்பானில், வீட்டுக் கூரையில் மாட்டும் படவீழ்த்திகளை விற்கும் அலாதீன் எக்ஸ் நிறுவனம், முதலில் தன் கருவிக்காகவே ஆக்கிவைத்திருந்த 'சூய்கா' விளையாட்டை நின்டெண்டோ ஸ்விட்ச்சில் 240 யென்னுக்கு வெளியிட்டது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அது எவர் கவனத்தையும் கவராமல் கிடந்து, 2023 செப்டம்பரில் திடீரென்று தேசமெங்கும் பரவியது. அதன்பின் உலாவிகளில் அதன் பிரதிகளுக்குக் கணக்கில்லை. ஆனால் அதுவும் மூலம் அன்று. 2021 ஜனவரியிலேயே சீனாவில், பழங்களைச் சேர்த்துத் தர்ப்பூசணி ஆக்கும் உலாவி விளையாட்டு ஒன்று புகழ்பெற்றிருந்தது. உலாவியில் பிறந்து, வெளியே போய்ப் பணம் சம்பாதித்து, உலாவிக்கே திரும்பிய பழம் இது.

புதிர் என்ற அளவில் எனக்கு இதைவிட உயர்வாகப் படுவது, கனடாவைச் சேர்ந்த காலின் நார்த்வே 2008இல் உலாவிக்கென ஆக்கிய 'ஃபன்டாஸ்டிக் கான்ட்ராப்ஷன்'. அதன் சாமான்கள் ஐந்தே ஐந்து: தானே சுழலாத சக்கரம், வலஞ்சுழி, இடஞ்சுழிச் சக்கரங்கள் இரண்டு, திடமான மரக்கோல் ஒன்று, மற்றக் கோல்களின் ஊடே புகுந்து செல்லக்கூடிய நீர்க்கோல் ஒன்று. இவற்றைக் குறித்த எல்லைக்குள் பூட்டி ஒரு யந்திரம் செய்து, ஓடவிட்டு, இளஞ்சிவப்புப் பொருள் ஒன்றை மேடு பள்ளங்களைத் தாண்டி இலக்குக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். ஓடத் தொடங்கியபின் நாம் தொடுவதற்கு ஒன்றுமில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். பறவை எறிந்து கோட்டை இடிக்கும் வகைகளிலே, விழவில்லையென்றால் மறுபடி எறி, கோணத்தைச் சற்றே மாற்றி இன்னொருமுறை எறி என்று அதிர்ஷ்டத்துக்கு இடம் அதிகம். பத்தாவது எறியில் வென்றவன் முதல் எறியில் இருந்ததைவிட அறிவாளி ஆகிவிட்டான் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நார்த்வேயின் புதிரில் தோல்வி ஒவ்வொன்றும் தன் காரணத்தைக் காட்டிவிட்டே போகிறது: இந்த மூட்டு இழுபட்டது, இந்தச் சக்கரம் வழுக்கியது, இந்தக் கை நீளம் போதவில்லை.

மூட்டு இழுபடுவது என்றேன். அதுவும் சுற்றிவரும் திருத்தத்தின் விளைவே. பாரம் மிகும்போது திருத்தம் முழுமையடையாமல், விறைப்பாக இருக்க வேண்டிய யந்திரம் ரப்பரைப்போல் நெளியும். முதலில் இதைச் சபிக்கும் ஆட்டக்காரர், நாளடைவில் அந்த நெளிவையே வில்லாக வளைத்து, பொருளை எறியும் பொறியாக்கிக்கொள்வார். சதுரங்கப் புதிரில் விடை ஆக்கியவரின் சட்டைப்பையில் இருக்கிறது. நாம் அதைத் தேடுகிறோம். இங்கே ஆக்கியவரிடமும் விடை இல்லை. யந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தால்தான் அவருக்கும் தெரியும். ஒருவர் செய்த யந்திரத்தை மற்றவர் பார்க்கும்படி சேமித்து முகவரியாக அனுப்பும் வசதி அதில் இருந்தமையால், ஒரே மேட்டுக்குக் கவண்களும், தவழும் பூச்சிகளும், நடக்கும் கோபுரங்களும் விடைகளாக வந்து குவிந்தன.

இவற்றால் மாணவர் பௌதிகம் கற்பார்களா என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் லூயிசியானாவில் பௌதிகப் பேராசிரியராக இருக்கும் ரெட் அலைன் 2010இல் செய்த ஒரு வேடிக்கையான ஆராய்ச்சியைக் கொண்டு விடை சொல்லலாம். ஆங்ரி பேர்ட்ஸின் அசைபடத்தைப் பிரேம் பிரேமாக அளந்து, அப்பறவைகளுக்குக் காற்றின் தடை கிடையாது, கிடைத்திசை வேகம் மாறாது என்று கண்ட அவர், அங்குள்ள புவியீர்ப்பு நம்முடையதே என்று கொண்டால் அந்த உண்டிவில்லின் உயரம் சுமார் 4.9 மீட்டர், சிவப்புப் பறவையின் உயரம் சுமார் 70 சென்டிமீட்டர் என்று கணித்து வெளியிட்டார். வான்கோழி அளவுள்ள குருவி என்று பலரும் சிரித்தார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. பாக்ஸ்2டி செம்மையாக வேலை செய்வது 0.1 மீட்டருக்கும் 10 மீட்டருக்கும் இடைப்பட்ட, நகரும் பொருள்களுக்கே என்று அதன் கையேடு சொல்கிறது. குருவியை உள்ளபடியே பத்து சென்டிமீட்டராகவும், கோட்டையை உள்ளபடியே முப்பது மீட்டராகவும் வைத்தால் ஒன்று இந்த வரம்பின் விளிம்பைத் தொடும், மற்றது வரம்பையே மீறும். எஞ்சினின் சௌகரியத்துக்காகவே குருவி பெருத்து, கோட்டை சுருங்கியிருக்கலாம் என்பது என் அனுமானம். ஆடுபவன் பெறும் கல்வி பாடப்புத்தகப் பௌதிகமன்று. நேரில் கண்டதை நம்பாமல் அளந்து பார்த்து, இந்த உலகம் எந்த விதிப்படி நடக்கிறது என்று தானே கண்டுபிடிக்கும் பழக்கம். அந்த உலகம் பொய்யானது என்பதால் பழக்கம் பழுதாகிவிடாது.

அந்த உலகங்கள் இப்போது அழிந்துகொண்டிருக்கின்றன. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் கருவிகளில் ஃபிளாஷுக்கு ஏன் இடமில்லை என்று ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 2017இல் அடோபி அதன் முடிவு நாளை அறிவித்தது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12ஆம் தேதி முதல் ஃபிளாஷுக்குள் எதுவும் ஓடாதபடி தடுக்கப்பட்டது. சீனாவில் தர்ப்பூசணி உருளத் தொடங்கிய அதே மாதம் அது. இன்டர்நெட் ஆர்கைவ் நிறுவனம் 2020 நவம்பரிலேயே ரஃபிள் என்ற பாவனை நிரலின் துணையால் பழைய ஃபிளாஷ் ஆக்கங்களை உலாவியில் மறுபடி ஓடவைக்கத் தொடங்கியது, போற்றத்தக்க பணி. ஆயினும், ஓர் அசைபடத்தைக் காப்பதற்கும் ஒரு பௌதிகப் புதிரைக் காப்பதற்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. படத்தில் நிறம் சற்று வேறுபட்டாலும் கதை அதே கதை. புதிரில், தசம புள்ளிக்குப் பின் பத்தாவது இலக்கத்தில் ஒரு வித்தியாசம் நேர்ந்தாலும், முதல் மோதலில் அது மயிரிழையாகவும், இருபதாவது மோதலில் ஒரு சாணாகவும் பெருகி, 2008இல் இலக்கை அடைந்த யந்திரம் இன்று பள்ளத்தில் விழும். ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்கு முடிவு மாறலாம் என்று பாக்ஸ்2டியின் பழைய கையேடே ஒப்புக்கொண்டிருந்தது. 2024இல் கேட்டோ தம் எஞ்சினை முற்றிலும் புதிதாக எழுதி, திருத்தும் முறையையும் மேம்படுத்திவிட்டார். புதியது சிறந்தது என்பதில் சந்தேகமில்லை. பழைய நெளிவை வில்லாக்கியவரின் யந்திரத்துக்கு அந்தச் சிறப்பினால் பயனில்லை.

ஆகையால், பழைய விளையாட்டுக்களைச் சேகரித்துவைக்கும் பணியில் இறங்கியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படங்களையும் ஓசைகளையும் நிரலையும் எடுத்துவைக்கும்போது, வினாடிக்கு எத்தனை படி, படிக்கு எத்தனை சுற்று, எவ்வளவு புதைவுக்கு அனுமதி, எத்தனை நேரத்தில் உறக்கம் என்ற நான்கு எண்களையும், ஓடிய எஞ்சினின் பதிப்பு எண்ணையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள், ஆக்கியவர்களும் ஆடியவர்களும் நம்மிடையே இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள்.